தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போக வேண்டுமென்றால்

 

வழமைபோல நீளமான பதிவுதான். வரலாறு படிப்பிக்கிறவனிடம் சுருக்கமாகச் சொல்லு என்று கேட்டால் எப்படி? தேத்தண்ணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் பைக் இருப்பவர்கள் மட்டும் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள்.

இந்தப் பதிவுக்குக் காரணம் ஒரு கேள்வி. நம் பிள்ளைகள் கொழும்புக்குப் போய் வேலை செய்து, லீசிங்கில் பைக் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். மாஷா அல்லாஹ், சந்தோஷம். ஒரு கிழமை போனதும் அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "சேர், புது ஹெல்மட் தலைய நெரிக்குது. ஒரு சைஸ் பெருசா மாத்தவா? இல்லாட்டி உள்ளுக்கு இருக்கிற ரெஜிபோம கொஞ்சம் சுரண்டி எடுக்கவா?"

மாற்றுவதற்கு முதல் கொஞ்சம் பொறுங்கள். சுரண்டுவதை மட்டும் கனவிலும் செய்யாதீர்கள். ஏன் என்று விளங்க வேண்டுமென்றால், ஹெல்மட்டின் உள்பக்கம் எப்படி வந்தது என்ற கதை தெரிய வேண்டும். எல்லோரும் பார்ப்பது வெளிப்பக்கத்தின் நிறத்தையும் ஸ்டிக்கரையும். உயிரைக் காப்பாற்றுகிற வேலை உள்பக்கத்தில்தான் நடக்கிறது.

முதலில் நம் மலையில் இருந்தே தொடங்குவோம்.

இரத்தினபுரி, கேகாலை மலைகளில் தேயிலையும் இறப்பரும் வந்த காலத்தில், யாருடைய தலையில் என்ன இருந்தது என்று பார்த்தாலே அந்தக் காலம் விளங்கிவிடும். துரையின் தலையில் சோலா தொப்பி. நெட்டி என்கிற சதுப்புநிலச் செடியின் பாரமில்லாத தண்டில் செய்தது அது. வெப்ப நாட்டு வெயில் மண்டைக்குள் இறங்கினால் வெள்ளைக்காரன் தாங்கமாட்டான் என்று அந்தக் காலத்து வைத்தியர்களே நம்பினார்கள். தொப்பியின் உள்ளே நெற்றியைச் சுற்றி ஒரு தோல் பட்டி இருக்கும். பட்டிக்கும் தொப்பிக்கும் நடுவில் காற்றுப் போக இடைவெளி விடப்பட்டிருக்கும்.

கங்காணியின் தலையில் தலைப்பாகை. கொழுந்து பறிக்கும் பெண்ணின் தலையிலோ கூடைக் கயிறு. அந்தக் கயிறு உச்சியில் அழுந்தாமல் இருக்க ஒரு துணியை மடித்துக் கீழே வைத்தார்கள். விறகு, தண்ணீர்க் குடம் என்று எதைத் தூக்கினாலும் துணியைச் சுருட்டிச் சும்மாடு வைத்தார்கள். துரையின் தலையை வெயிலிலிருந்து காப்பதற்கு ஒரு தொழிலே நடந்தது. தொழிலாளியின் தலையோ பாரம் தூக்குவதற்கென்றே கருதப்பட்டது. ஆனாலும் ஒரு கடினமான பொருளுக்கும் தலைக்கும் நடுவில் மெதுவான ஒன்று இருக்க வேண்டும் என்பது நம் பாட்டிமாருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அந்தச் சும்மாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்தில் மோட்டார் சைக்கிளும் முதலில் சின்னதுரையின் வாகனம்தான். பெரிய துரைக்குக் காரோ ஜீப்போ, சின்னதுரைக்கு மோட்டார் சைக்கிள். மலைக்கு மலை ஏறி இறங்க அதைவிட வசதியானது எது? அந்தச் சத்தம் தூரத்தில் கேட்டாலே கொழுந்து மலையில் பேச்சு நின்றுவிடும் என்று மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சோலா தொப்பி வெயிலைத்தான் தடுக்கும், கல்லைத் தடுக்காது. பைக்கிலிருந்து விழும் தலையைப் பற்றி யோசித்தவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள்.

இங்கிலாந்தில் புரூக்லண்ட்ஸ் என்ற இடத்தில் ஒரு பந்தயத் திடல் இருந்தது. அங்கு வைத்தியராக இருந்தவர் டொக்டர் எரிக் கார்ட்னர். இரண்டு கிழமைக்கு ஒருவராவது தலையில் அடிபட்ட மோட்டார் சைக்கிள்காரர் தன்னிடம் வருவதை அவர் கவனித்தார். கித்தான் துணியை அரக்குப் பூசி இறுக்கி ஒரு தொப்பி செய்வித்தார். பலத்த அடியைத் தாங்கும் அளவுக்கு அது விறைப்பாக இருக்க வேண்டும்; எதிலும் சிக்காமல் வழுக்கிப் போகும் அளவுக்கு வழுவழுப்பாகவும் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. அந்தக் காலத்தில் உலகத்துக்கு அரக்கு அதிகமாகப் போனது இந்தியாவில் இருந்து என்பதையும் ஒரு ஓரமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

பந்தயங்களை நடத்திய ஓட்டோ சைக்கிள் யூனியன் முதலில் அந்தத் தொப்பி வேண்டாம் என்றது. பிறகு மனம் மாறி, 1914 ஆம் ஆண்டு ஐல் ஒஃப் மேன் தீவில் நடந்த டி.டி. பந்தயத்தில் அதைக் கட்டாயமாக்கியது. கார்ட்னர் 94 தொப்பிகளோடு தீவுக்குப் போனார். ஒவ்வொரு வருடமும் பந்தயம் முடிந்ததும் தலையில் அடிபட்டவர்களைப் பார்த்துப் பழகிய அந்தத் தீவின் வைத்தியருக்கு அந்த வருடம் அப்படி ஒருவரும் வரவில்லை. அந்த வருடமே முதலாம் உலகப் போர் தொடங்கியது. போருக்குப் பிறகும் பந்தயக்காரர்கள் மட்டும்தான் அதை அணிந்தார்கள். ரோட்டில் போகிறவர்கள் கோட்டும் துணித் தொப்பியுமாகத்தான் ஓடித் திரிந்தார்கள்.

இருபத்தொரு வருடங்கள் கழித்து ஒரு மரணம் நடந்தது.

1935 மே 13 ஆம் திகதி, இங்கிலாந்தின் டோர்செட் பகுதியில் டி. ஈ. லோரன்ஸ் தன்னுடைய புரூஃப் சுப்பீரியர் பைக்கில் போய்க்கொண்டிருந்தார். 'லோரன்ஸ் ஒஃப் அரேபியா' என்று உலகம் அறிந்த அதே மனிதர்தான். (அரபு நாடுகளின் வரலாற்றில் அவருடைய பங்கு பற்றி நமக்குள் ஆயிரம் கருத்து இருக்கலாம். அது இன்னொரு நாளைக்கு.) சைக்கிளில் வந்த இரண்டு சிறுவர்களைத் தவிர்க்கப் போய் விழுந்தார். தலையில் ஒன்றும் இல்லை. மண்டை உடைந்தது. ஆறு நாட்கள் நினைவு திரும்பாமலே கிடந்து, மே 19 ஆம் திகதி தனது 46 ஆவது வயதில் இறந்தார். 1962 இல் வந்த படம்கூட அந்த விபத்தோடுதான் தொடங்கும்.

அவரைப் பார்க்க அழைக்கப்பட்ட வைத்தியர்களில் ஒருவர் அவுஸ்திரேலியாவில் பிறந்த மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர் ஹியூ கேர்ன்ஸ். அந்த நோயாளியை அவரால் காப்பாற்ற முடியவில்லை. அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் முக்கியம். இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும், செய்தி கொண்டுபோகும் இராணுவ மோட்டார் சைக்கிள்காரர்கள் இருட்டடிப்பு ரோட்டில் விழுந்து இறப்பதை அவர் எண்ணத் தொடங்கினார். போருக்கு முந்திய 21 மாதங்களில் பிரித்தானிய ரோட்டுகளில் பைக்கில் இறந்தவர்கள், பின்னால் இருந்தவர்களையும் சேர்த்து, 1,884 பேர். போர் தொடங்கிய பின் அதே 21 மாதக் கணக்கில் 2,279 பேர். அவருடைய கைக்கு வந்த நோயாளிகளில் விபத்தின்போது ஹெல்மட் போட்டிருந்தவர்கள் ஏழே ஏழு பேர். அந்த ஏழு பேரில் ஒருவரும் இறக்கவில்லை.

இதை 1941 ஒக்டோபரில் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் எழுதினார். அடுத்த மாதமே, நவம்பரில், கடமையில் இருக்கும் எல்லா மோட்டார் சைக்கிள்காரர்களும் ஹெல்மட் அணிய வேண்டும் என்று பிரித்தானிய இராணுவம் கட்டளை போட்டது. அன்றைய ஹெல்மட்டுகளில் ஒரு வகை இறுக்கி அழுத்திய மரக்கூழால் செய்தது. இன்னொரு வகை இறப்பரால் செய்தது. 1942 இல் மலாயாவை ஜப்பான் பிடித்ததும் நேச நாடுகளின் இறப்பர் தேவை இலங்கையின் தலையில்தான் விழுந்தது. பால் கூடுதலாக எடுக்க வேண்டும் என்பதற்காக மரம் பட்டுப்போனாலும் பரவாயில்லை என்று வெட்டினார்கள். கேகாலை, இரத்தினபுரிப் பக்கத்து இறப்பர் மலைகள் பார்த்த காலம் அது.

அந்த ஹெல்மட்டின் உள்பக்கத்தைப் பாருங்கள். தலைக்கும் ஓட்டுக்கும் நடுவில் நாடாக்களால் ஆன ஒரு வலை. தொட்டில் மாதிரித் தலை அதில் தொங்கும். நாடாவை இழுத்தோ தளர்த்தியோ கட்டினால் அளவு சரியாகிவிடும். வசதிதான். ஆனால் பலமாக அடி விழுந்தால் நாடா முழு வேகத்தையும் வாங்கி வைத்துக்கொள்ளாது.

அதே காலத்தில் ஒக்ஸ்போர்டில் கேர்ன்ஸுடன் வேலை செய்த ஹோல்போர்ன் என்ற பௌதிகவியலாளர் 1943 இல் ஒரு விடயத்தைக் காட்டினார். மண்டையோட்டின் வடிவத்தில் ஜெலட்டினை வைத்துச் சட்டென்று திருப்பினால் உள்ளே எங்கெங்கே இழுபடுகிறது, எங்கே கிழிகிறது என்று பார்த்தார். பெருநாளைக்கு வட்டலப்பம் அவித்த பாத்திரத்தைச் சட்டென்று சுழற்றிப் பாருங்கள். பாத்திரத்துக்கு ஒரு கீறலும் விழாது, உள்ளே இருப்பது ஓரத்தில் கிழிந்துபோகும். மூளையும் அப்படித்தான். "மண்டை உடையல, ஆனா ஆள் எழும்பல" என்று ஆஸ்பத்திரி வாசலில் கேட்கிறோமே, அதன் அர்த்தம் இதுதான். ஓடு உடையாமல் இருப்பது மட்டும் போதாது. உள்ளே இருப்பது மெதுவாக நிற்க வேண்டும்.

மெதுவாக நிறுத்துவது எப்படி? அதற்கு விடை அமெரிக்காவில் வந்தது. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்ல்ஸ் லொம்பார்டும் ஹேர்மன் ரொத்தும் ஒரு ஹெல்மட்டுக்கு 1953 இல் காப்புரிமை பெற்றார்கள். அவர்களுடைய யோசனை இதுதான். வெளி ஓடு கல்லைக் குத்த விடாமல் தடுத்து, அடியைப் பரப்பிவிட வேண்டும். அதற்கு உள்ளே இருக்கும் படை, தான் நசுங்கி அடியைத் தின்ன வேண்டும். நசுங்கினால் நசுங்கியதுதான், பழையபடி எழும்பக் கூடாது. எழும்பினால் பந்து மாதிரித் தலையைத் திருப்பி எறிந்துவிடும்.

கலிபோர்னியாவில் ரோய் ரிக்டர் என்பவரின் பெல் நிறுவனம் 1950 களில் இந்த வகை ஹெல்மட்டுகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1956 இல் பீட் ஸ்னெல் என்ற கார்ப் பந்தய வீரர், ஹெல்மட் போட்டிருந்தும் அது காப்பாற்றாததால் இறந்தார். அடுத்த வருடமே அவர் பெயரில் ஹெல்மட்டுகளைப் பரிசோதிக்கும் நிறுவனம் ஒன்று தொடங்கப்பட்டது. அந்தக் காலத்தில்தான் நாம் ரெஜிபோம் என்று சொல்கிற பொருள் ஹெல்மட்டுக்குள் குடியேறியது. டீவி பெட்டிக்குள் வருவதை விட அது இறுக்கமானது, ஆனால் சாதி ஒன்றுதான். சின்னச் சின்ன மணிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் காற்று.

இப்போது நம் பழமொழியைப் பாருங்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்கிறோம். அந்த ரெஜிபோம்தான் தலைப்பாகை. தலைக்கு வந்ததைத் தான் வாங்கிக்கொண்டு செத்துப்போகிறது.

ஒரு சின்னக் கணக்கு. ஒன்றரை மீற்றர் உயரத்திலிருந்து விழும் தலை, பைக் ஓடாமல் நின்றிருந்தால்கூட, ஏறத்தாழ 20 கிலோமீற்றர் வேகத்தில் நிலத்தில் மோதும். வெறும் தலை கொங்கிரீட்டில் மோதி 3 மில்லிமீற்றருக்குள் நிற்கிறது என்று வையுங்கள். ஹெல்மட்டுக்குள் ரெஜிபோம் நசுங்கி 20 மில்லிமீற்றரில் நிற்கிறது என்று வையுங்கள். நிற்கிற தூரம் ஏழு மடங்கு கூடினால் மூளைக்கு விழும் அடி ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகக் குறையும். நசுங்க இடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த இடத்தைத்தான் நீங்கள் கத்தியால் சுரண்டி எடுக்கப் பார்க்கிறீர்கள்.

ஆனால் ரெஜிபோம் கடினமானது. அதை நேரே மண்டையில் வைத்தால் ஒருவரும் போடமாட்டார்கள். அதனால் அதற்கும் தலைக்கும் நடுவில் துணி போர்த்த ஸ்பொஞ்சு வைத்தார்கள். இதுதான் நம் பாட்டிமாரின் சும்மாடு. ஹெல்மட் பழகுவது என்று சொன்னால் இந்தச் சும்மாடு பழகுவது மட்டும்தான். ஓடு பழகாது. ரெஜிபோம் பழகக் கூடாது. ஸ்பொஞ்சு மட்டும் நம் நெற்றிக்கும் கன்னத்துக்கும் ஏற்ற மாதிரி அமுங்கிக் கொடுக்கும். புதுச் செருப்பு கடிக்கும், பிறகு காலுக்குப் பழகிவிடும். இதுவும் அதே மாதிரித்தான்.

சட்டத்தின் கதையையும் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். பைக் ஓட்டுபவருக்கு ஹெல்மட்டை உலகத்திலேயே முதலில் கட்டாயமாக்கியது அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், 1961 இல். பிரித்தானியாவில் அது 1973 இல்தான் வந்தது. கேர்ன்ஸ் 1952 இலேயே இறந்துவிட்டார், அதைப் பார்க்கவில்லை. தமிழ்நாட்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2015 ஜூலை 1 முதல் இறுக்கமாக நடைமுறைப்படுத்தினார்கள். நம் நாட்டில் ஓட்டுபவரும் பின்னால் இருப்பவரும் இருவருமே அணிய வேண்டும், தரத்துக்கு எஸ்.எல்.எஸ். 517 என்ற இலக்கம் இருக்கிறது. 2015 இன் முற்பகுதியில், கொள்ளையர்கள் முகத்தை மறைக்கிறார்கள் என்று சொல்லி முழுமுக ஹெல்மட்டைத் தடைசெய்யப் பொலிஸ் முயன்றது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மேன்முறையீட்டு நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டு அதை நிறுத்தியது.

சட்டம் தலையில் ஹெல்மட் இருக்கிறதா என்றுதான் பார்க்கும். அது தலைக்குப் பொருந்துகிறதா என்று சந்தியில் நிற்கும் பொலிஸ் பார்ப்பதில்லை. அதை நாம்தான் பார்க்க வேண்டும். ஹெல்மட் அணிவதால் இறக்கும் அபாயம் 42 வீதத்தாலும் தலைக்காயம் 69 வீதத்தாலும் குறைகிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2008 இல் கணக்குச் சொன்னார்கள். விழும்போது தலையிலேயே இருக்கிற ஹெல்மட்டுக்குத்தான் அந்தக் கணக்கு. நம் நாட்டில் 2017 இல் மட்டும் 3,000 க்கும் மேற்பட்டவர்கள் ரோட்டில் இறந்தார்கள். அதில் பெரிய பங்கு மோட்டார் சைக்கிள்காரர்கள். ஜனாஸா வீட்டிலும் சரி, லயத்து மரண வீட்டிலும் சரி, "ஹெல்மட் போட்டிருந்தான், ஆனா கழண்டு தூரப் போயிருச்சு" என்ற பேச்சை நாம் கேட்டிருக்கிறோம். கழன்று போனது ஏன் என்று யாரும் கேட்பதில்லை. நெரித்தது என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கியிருப்பான். அல்லது பட்டியைப் போட்டிருக்க மாட்டான்.

ஒரு முட்டையைப் பெரிய டின்னுக்குள் போட்டுக் குலுக்குங்கள். டின்னுக்கு ஒன்றுமாகாது, முட்டை உடையும். அதே முட்டையைச் சுற்றி உமியை நெருக்கி அடைத்துவிட்டுக் குலுக்குங்கள். பெரிய ஹெல்மட் அந்த வெறும் டின்தான்.

சரி, இனி வேலைக்கு வருவோம்.

முதலில் அளவு. தையற்காரர் பாவிக்கிற டேப்பை எடுத்து, புருவத்துக்கு ஒரு அங்குலம் மேலே, காதுக்கு மேலாக, பின்மண்டை புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றி அளவுங்கள். சென்ரிமீற்றர் கணக்கை எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். எம், எல் என்ற எழுத்தை மட்டும் நம்ப வேண்டாம். கம்பனிக்குக் கம்பனி அது மாறும்.

கடையில் போட்டுப் பார்க்கும்போது கன்னம் இரண்டும் மேலே தள்ளப்பட்டு, பலூன் ஊதுகிற பிள்ளையின் முகம் மாதிரி இருக்க வேண்டும். வெட்கப்படத் தேவையில்லை, புதிதில் அதுதான் சரி. ஹெல்மட்டைக் கையால் பிடித்து இடம் வலம் திருப்புங்கள். நெற்றித் தோலும் கன்னமும் கூடவே அசைய வேண்டும். தலை அசையாமல் ஹெல்மட் மட்டும் சுற்றினால் அது பெரிது. பட்டியைப் போட்டுக்கொண்டு, பின்பக்க விளிம்பைப் பிடித்து முன்னால் உருட்டிக் கழற்றப் பாருங்கள். கழன்றால் வாங்காதீர்கள்.

அப்படியே 15, 20 நிமிடம் போட்டபடி கடையில் நில்லுங்கள். முதலாளி முறைத்தாலும் பரவாயில்லை, நம் தலை. கழற்றியதும் கண்ணாடியில் நெற்றியைப் பாருங்கள். தலையைச் சுற்றி ஒரே மாதிரி லேசான தடம் இருந்தால் நல்லது. நெற்றி நடுவிலோ பொட்டிலோ ஒரே ஒரு இடம் சிவந்து வலித்தால், பிரச்சினை இறுக்கத்தில் இல்லை, வடிவத்தில். சிலருடைய தலை நீளம், சிலருடையது உருண்டை. ஒரே சைஸில் வேறு கம்பனி ஹெல்மட்டைப் போட்டுப் பாருங்கள். அந்த ஒரு இட வலி எத்தனை மாதம் போட்டாலும் பழகாது. ஏனென்றால் அங்கே அழுத்துவது ஸ்பொஞ்சு அல்ல, ரெஜிபோம். நெரிப்பு வேறு, குத்து வேறு. நெரிப்பு பழகும். குத்து பழகாது.

வாங்கி வந்த பிறகு, முதல் நாளே இரத்தினபுரியிலிருந்து கொழும்புக்கு ஓட வேண்டாம். பின்னேரம் வீட்டில் டீவி பார்க்கும்போது அரை மணித்தியாலம் போட்டுக்கொண்டு இருங்கள். பிள்ளைகள் சிரிக்கட்டும். ஒரு கிழமை இப்படிச் செய்யுங்கள். பிறகு கிட்டத்து ஓட்டங்கள். எல்லாம் சேர்த்து 15, 20 மணித்தியாலம் தலையில் இருந்தால் ஸ்பொஞ்சு உங்கள் முகத்துக்குப் பழகிவிடும். அதிகம் இளகுவது கன்னப் பகுதிதான். அதற்குப் பிறகும் கன்னம் நெரித்தால், சில ஹெல்மட்டுகளில் கன்ன ஸ்பொஞ்சு கழற்றி மாற்றக்கூடியது. மெல்லியது கிடைக்குமா என்று அதே கம்பனியின் கடையில் கேளுங்கள்.

போடும் முறையும் இருக்கிறது. கீழ்ப் பட்டிகள் இரண்டையும் பிடித்து வெளிப்பக்கமாக விரித்துக்கொண்டு தலையை நுழையுங்கள், காது மடியாது. மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் ஹெல்மட்டைப் போட்ட பிறகு கண்ணாடியைச் செருகுங்கள். நாடிப் பட்டிக்கும் தொண்டைக்கும் நடுவில் இரண்டு விரல் போகலாம், அதற்கு மேல் தளர்வு கூடாது.

இனி, நம் ஊரில் நடப்பவை.

பட்டியைக் கண்ணாடிக் கம்பியில் மாட்டி ஹெல்மட்டைத் தொங்க விடுகிறோம், அல்லது கம்பியின் மேலேயே ஹெல்மட்டைக் கவிழ்க்கிறோம். அந்தக் கவிழ்ப்பில் கம்பியின் நுனி ரெஜிபோமில் பள்ளம் விழுத்துகிறது. பழகாத ஹெல்மட்டுக்குள் முழங்காலை வைத்து அழுத்துவது, அதன் மேல் உட்காருவது எல்லாம் அதே கதைதான்.

மழை. நம் இரத்தினபுரியின் மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நனைந்த ஹெல்மட்டை அடுப்படியில் காய வைக்கிறோம். சூட்டில் ரெஜிபோம் சுருங்கும், பசை விடும். ஸ்பொஞ்சைக் கழற்றி, குழந்தைக்குப் போடும் ஷாம்பூவில் கழுவி, நிழலில் காற்றுப்படக் காய விடுங்கள். பெற்றோல், தின்னர் பட்டால் ரெஜிபோம் கரைந்தே போகும். அதனால் துடைப்பதற்கு அவற்றைத் தொடவே வேண்டாம்.

பலாங்கொடைப் பக்கத்துக் குளிருக்குத் தடித்த கம்பளிக் குல்லாவின் மேல் ஹெல்மட் போட்டுப் பழக்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்பொஞ்சு குல்லாவின் அளவுக்குப் பழகிவிடும். குல்லா இல்லாத நாளில் ஹெல்மட் ஆடும்.

ஸ்கூட்டி ஓடும் நம் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. கொண்டையை உச்சியில் போட்டால் ஹெல்மட் உட்காராது, கழுத்தோடு தாழ்த்திக் கட்டுங்கள். ஸ்கார்ஃப் அணிபவர்கள் உள்ளே மெல்லிய, ஒரே படைத் துணியாகச் சுற்றுங்கள். ஹெல்மட்டுக்கு உள்ளே வரும் இடத்தில் ஊசி வேண்டாம். அளவெடுக்கும்போதும் போட்டுப் பார்க்கும்போதும் அதே ஸ்கார்ஃபோடு பாருங்கள். அபாயாவின் நுனி சில்லுக்குள் போகாமல் ஒதுக்கிக்கொள்வதையும் மறக்க வேண்டாம்.

ஆண்களுக்கும் ஒன்று. ஜும்ஆவுக்குப் போகும்போது தொப்பியோடு மட்டும் பைக்கில் போகிறோம். "பள்ளிக்குத்தானே, பக்கத்துலதானே" என்கிறோம். தொப்பியைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு ஹெல்மட்டைப் போடுங்கள். உயிர் அமானிதம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வையுங்கள் என்ற ஹதீஸை மிம்பரில் கேட்டுவிட்டு, திரும்பும்போது பட்டியைக் கட்டாமல் வருகிறோம்.

கடைசியாக, மிக முக்கியமானது. ஒரு வீட்டில் ஒரு பைக், ஒரே ஹெல்மட், ஐந்து தலை. அண்ணன் போட்டது தம்பிக்கு, தம்பி போட்டது மச்சானுக்கு. எல்லோருக்கும் பொருந்துகிற ஹெல்மட் ஒருவருக்கும் பொருந்துவதில்லை. அண்ணனின் தலைக்குப் பழகிய சும்மாடு தம்பியின் தலையில் ஆடும். காலையில் பிள்ளையைப் பாடசாலைக்கு ஏற்றி வரும்போது தகப்பனின் தலையில் ஹெல்மட் இருக்கிறது, பின்னால் இருக்கும் பிள்ளையின் தலையில் ஒன்றுமில்லை. பாடசாலை வாசலில் நின்று இதைத்தான் தினமும் பார்க்கிறேன். தோட்டத்துப் பாதையில் பொலிஸ் இல்லை என்பதால் சந்தி வரும்வரை ஹெல்மட்டைக் கையில் கோத்துக்கொண்டு வருகிறார்கள். தோட்டத்துப் பாதையின் வளைவும் உடைந்த கொங்கிரீட்டும் பொலிஸைக் கேட்டுக்கொண்டு ஆளை விழுத்துவதில்லை.

விலை எனக்கும் தெரியும். நாட்சம்பளத்தில் வாழும் வீட்டில் இரண்டாவது ஹெல்மட் என்பது சின்ன விடயம் அல்ல. ஆனால் பைக்குக்கு மாதாமாதம் லீசிங் கட்டுகிறோம். அதே கணக்கில் ஒரு தடவை, ஓட்டுபவருக்கு ஒன்றும் பின்னால் இருக்கும் பிள்ளைக்கு அதன் அளவில் ஒன்றும் எடுத்துவிடுங்கள். ஒரு தடவை பலமாக அடிபட்ட ஹெல்மட்டை, வெளியில் கீறல் இல்லாவிட்டாலும், மறுபடி பாவிக்க வேண்டாம். அதன் தலைப்பாகை ஏற்கனவே போய்விட்டது. பழைய ஹெல்மட்டை யாருக்கும் அன்பளிப்பாகவும் கொடுக்க வேண்டாம்.

ஒரு காலத்தில் நம் மக்களின் தலை பாரம் தூக்குவதற்கு மட்டும் என்று எண்ணப்பட்டது. இன்று அந்தத் தலைகளுக்குள் பல்கலைக்கழகம் இருக்கிறது, ஆசிரியத் தொழில் இருக்கிறது, கடை போடும் கனவு இருக்கிறது. அதைக் காக்கிற சும்மாடு புதிதில் கொஞ்சம் நெரிக்கும். இரண்டு கிழமை பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று பின்னேரம் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் இருக்கும் ஹெல்மட்டை எடுத்து, ஸ்பொஞ்சைக் கொஞ்சம் விலக்கி, ரெஜிபோமில் பள்ளம், வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பட்டியைப் போட்டு, பின்னாலிருந்து உருட்டிப் பாருங்கள். கழன்றதா, இல்லையா என்று கீழே எழுதுங்கள். கழன்றவர்கள் எத்தனை பேர் என்று இன்ஷா அல்லாஹ் நாம் சேர்ந்தே எண்ணிப் பார்ப்போம்.